சித்தப்பா கடைக்கு மூன்று ஸ்டார்

என் சித்தப்பா கணபதியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. கிரைண்டர், மிக்ஸி, கேஸ் அடுப்பு எது நின்றாலும் பார்ப்பார். உள்ளே அவர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்பக்கம் சித்தி பெல்ட், ஜார் மூடி, பிளேடு விற்றுக்கொண்டிருப்பார். சுற்று வட்டத் தெருக்களில் சித்தப்பா கை படாத கிரைண்டர் குறைவு.

சத்தி ரோட்டில் பெரிய ஷோரூம் ஒன்று சர்வீஸ் சென்டரோடு திறந்த பிறகு, கடைக்குப் புது ஆட்கள் வருவது நின்றுபோனது. பழையவர்கள் வந்தார்கள். அபார்ட்மெண்டுகளுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் வரவில்லை. அவர்கள் கிரைண்டர் நின்றால் பக்கத்து வீட்டில் விசாரிப்பதில்லை, போனில் தேடுகிறார்கள். போன் அந்த ஷோரூமை முதலில் காட்டியது. அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் இரண்டு பெரிய பெயர்கள். சித்தப்பா கடை கண்ணில் பட வேண்டுமென்றால் விரலால் வெகுதூரம் தள்ள வேண்டும்.

கட்டிடத்துக்காரர் தையில் புது அக்ரிமெண்ட் போட இருந்தார். இருப்பதா காலி செய்வதா என்று அதற்குள் சொல்லிவிட வேண்டும். புது ஆட்கள் வர ஆரம்பித்தால் இருப்பது, இல்லையென்றால் கடையை விட்டுவிடுவது என்று சித்தப்பா நினைத்திருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சித்திதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடைக்கு வரச்சொல்லிச் சொன்னார்.

"நீ படிச்சது இதைத்தான கண்ணு? அந்தப் போனுக்குள்ள எங்களையுங் கொஞ்சம் முன்னால தள்ளி உடு."

படித்தது கம்ப்யூட்டர். வேலை பார்ப்பது இதில். பீளமேட்டில் ஓர் ஆபீஸ். யாராவது தங்கள் ஏரியா பெயரைப் போட்டுத் தேடினால் யார் கடை மேலே வர வேண்டும் என்பதற்காக உழைக்கிறோம். சத்தி ரோடு ஷோரூம் எங்கள் வாடிக்கையாளர். கோவையின் ஒவ்வொரு ஏரியாவுக்கும் அவர்களுக்காகத் தனித்தனிப் பக்கம் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. 'கணபதி மக்களின் நம்பிக்கை' என்ற வரி என்னுடையது.

சித்தப்பாவுக்கு ஞாயிறுகளில் உதவப்போகிறேன் என்று ஆபீஸில் என் டீம் லீடரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர், "சின்னக் கடைதானே, செய்ங்க" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நான் எதையும் வரிசை போட்டுக்கொண்டுதான் தொடங்குவேன். மேப்பில் கடையின் புள்ளி பின்சந்தில் யாரோ ஒருவர் வீட்டின் மேல் விழுந்திருந்தது, நகர்த்தினேன். கடையின் வகை வெறுமனே 'எலக்ட்ரிக்கல்' என்று இருந்தது. கிரைண்டர் சர்வீஸ் என்று மாற்றினேன். திறக்கும் நேரம் போட்டேன். இருந்த ஒரே போட்டோவில் கடைக்கு முன்னால் நிறுத்திய வேன் ஒன்று கடையை முழுக்க மறைத்திருந்தது. சித்தப்பாவைச் சட்டை மாற்றச் சொல்லிப் புதிதாக எடுத்தேன். சிரிக்கச் சொன்னதற்கு, "கிரைண்டரு ரிப்பேருக்கு வர்றவிய என்ற பல்லப் பார்த்து என்ன பண்ணப் போறாங்க?" என்றார்.

பெரிய பெயர்களோடு சின்னக் கடை மோத முடிகிற இடம் குறுகலானது. தேடுகிறவருக்கு எது பக்கம், கேட்டதற்கு எது பொருத்தம், எதைப் பற்றிப் பேச்சு அதிகம் என்று இந்த மூன்றையும் கலந்துதான் போன் முடிவு செய்கிறது. பேச்சில் ஷோரூமை நெருங்கவே முடியாது. ஆனால் நாலு தெருவுக்குள் நின்று தேடுகிறவருக்குச் சித்தப்பாதான் பக்கம். அங்கே ஜெயிக்கலாம். புள்ளியை நகர்த்திய பிறகு கடை கொஞ்சம் மேலே வந்தது. மேற்கொண்டு ஏற ரிவ்யூ வேண்டும். அது ஏழோ எட்டோதான் இருந்தது.

வருகிறவர்களிடம் கேட்டு வாங்குங்கள் என்று சித்தியிடம் சொன்னேன். சித்தி மறுத்துவிட்டார். வேலைக்குக் கூலி வாங்கியாயிற்று, அதற்கு மேல் நல்லா இருக்குதென்று எழுதிக் கொடுங்கள் என்று கையேந்துவதா என்று கேட்டார். சித்தப்பா தலையே நிமிரவில்லை. அதற்கும் அதுதான் அர்த்தம்.

அதனால் எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் நானே கேட்டேன். சொந்தக்காரர்கள் எழுதக்கூடாது என்பது விதி. ஊரில் எல்லாரும் எழுதுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கே தொட வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று படத்தோடு விளக்கி அனுப்பினேன். எத்தனை ஸ்டார் என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரமே எழுதிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒரு காரியம் சொன்னால் செய்துவிடுவார்கள். அப்பா மூன்று ஸ்டார் போட்டு இப்படி எழுதியிருந்தார்: 'என் தம்பி கடை. வேலை சுத்தம். சொன்ன நேரத்துக்கு வர மாட்டான். வந்தால் முடித்துவிட்டுத்தான் எழுவான்.' அம்மாவும் மூன்று: 'எங்கள் கொழுந்தனார். புதுசு வாங்கச் சொல்ல மாட்டார், இருப்பதையே ஓட வைப்பார். கடை கொஞ்சம் இருட்டு.' சிங்காநல்லூர் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, மூன்று. உள்ளூர்ச் சொந்தத்தில் இன்னும் பத்துப் பேர், ஆளுக்கு மூன்று. ஈரோட்டு ஒன்றுவிட்ட மாமா நான்கு. அந்த மாமாவின் சம்பந்தி, சித்தப்பாவை ஒரே ஒரு கல்யாணத்தில் பார்த்தவர், ஐந்து. சித்தி, தன் சொந்தக் கடைக்கு, இரண்டு.

உறவு நெருங்க நெருங்க ஸ்டார் குறைந்துகொண்டே வந்திருந்தது. நாலரைக்கு மேல் இருந்த கடையின் மதிப்பு மூன்று சொச்சத்துக்கு இறங்கி, மேலே வந்த கடை பழைய இடத்துக்கும் கீழே போயிற்று.

அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு நான் கேட்பதே புரியவில்லை. "நம்ம ஊட்டு ஆளுக்கு நாமளே அஞ்சு போட்டா பாக்கறவிய என்ன நெனப்பாங்க? மூணுன்னா நல்லது கெட்டது பாத்துத்தான் போட்டிருக்குதுன்னு நம்புவாங்க" என்றார். சித்தி அதற்கும் மேலே ஒரு படி போய், கடைக்காரியே போட்டால் இரண்டுக்கு மேல் போடுவது முறையில்லை என்று யோசித்திருக்கிறார். இவர்கள் பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்க வந்தவர்களிடம் தங்கள் பிள்ளையைப் பற்றிக் குறைத்துச் சொல்லியே பழகியவர்கள். கேட்கிறவர்கள் அதில் எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டுமோ அவ்வளவு கூட்டிக்கொள்வார்கள். மேப் கூட்டிக்கொள்ளாது. வகுத்துச் சராசரி எடுக்கும்.

அடுத்த வாரம் ஷோரூமின் சர்வீஸ் மேனேஜர் எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தார். கணபதி ஏரியாவில் யார் யார் போட்டி என்று காட்டுவதற்காக டீம் லீடர் மேப்பைத் திரையில் போட்டார். சித்தப்பாவின் கடை வந்தது. ரிவ்யூக்களை ஒவ்வொன்றாக வாசித்தார். 'எங்கள் கொழுந்தனார்' என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

"அது எங்கம்மா எழுதினது" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. லீடர் உடனே சாரி சொன்னார். முகம் சூடேறியது எனக்குத்தான். அவர்கள் சிரித்ததற்காகக் கூட இல்லை. அம்மா ஏன் இதை எழுதித் தொலைத்தார் என்று ஒரு நொடி நினைத்தேனே, அதற்காக.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எழுதியதை இன்னொரு முறை மெதுவாக வாசித்தார். "நல்ல மெக்கானிக்குங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற வேகம் எனக்கு. "ரொம்ப நல்ல மெக்கானிக்குங்க. அவரால முடியாதுன்னா அந்த மோட்டார இனி யாராலயும் முடியாது" என்றேன். கடை எங்கே என்று கேட்டார். நானே சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவர் நேரிலேயே கடைக்குப் போய், சர்வீஸ் சென்டருக்கு வந்துவிடுகிறீர்களா என்று சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

இது தெரிந்ததும் ரிவ்யூக்களை அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பழைய மதிப்பு திரும்பினால், கடை மேலே வந்தால், தைக்குள் நாலு புது ஆட்கள் வந்தால் சித்தப்பா இருந்துகொள்வார் என்பது என் கணக்கு. போனில் சொல்லிக்கொடுத்து எல்லாரையும் அழிக்கவைக்க முடியாது. கொடுமுடியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. எல்லாரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள்.

முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து போனை வாங்கினேன். போனை மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். அத்தை மட்டும், "ஏன் அம்மணி, நான் தப்பா எழுதிப்போட்டனா?" என்று கேட்டார். இல்லீங்கத்தை, நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், படிக்காதவள் என்றால் இப்படித்தான் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் தன்னையே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்பா போனைக் கொடுக்கவில்லை. தான் எழுதியதில் எது பொய் என்று காட்டச் சொன்னார். பொய் எதுவும் இல்லை என்றேன். "அப்பறம் எதுக்கு அழிக்கோணும்?" என்றார். மேப் எண்ணைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவரே அழித்தார்.

சித்தப்பா மண்டபத்துக்கு வெளியே, ஆற்றுக்குப் போகிற வழியில் நிழலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், பழைய மதிப்பு ஓரிரு நாளில் வந்துவிடும் என்றேன். அப்பா ஏன் மூன்று போட்டார், அம்மா ஏன் போட்டார் என்று அவருக்கு விளக்கவும் ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியாதா கண்ணு" என்றார். "அண்ணனுக்கு ஒரு கடை இருந்து என்னைய எழுதச் சொல்லியிருந்தா, நானும் மூணுதான் போட்டிருப்பேன்."

"அப்பறம் என்னங்க சித்தப்பா?"

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியுது. ஆனா மோட்டாரப் பிரிச்சு வெச்சுட்டு உக்காந்தா, இது மூணுக்கான வேலையா நாலுக்கான வேலையான்னு ஓடுது. இத்தன வருசத்துல அண்ணன் எனக்கு இவ்வளவுதான்னு ஒருநாளும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

அதைக் கேட்டது நான்தான். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு ஒருவர் உதவியிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள், வருஷக்கணக்கில் பேசாமலும் இருந்திருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவருக்கு எண் போட்டு ஊர் பார்க்க வைத்தது இல்லை. எப்படிப் போடுவது என்று நான்தான் படம் போட்டு விளக்கியிருந்தேன்.

"கடையக் குடுத்துரலாம்னு இருக்கறேன்" என்றார் சித்தப்பா. "அந்த மேனேஜர் நல்ல மனுசனாட்டத் தெரியறாப்டி. நீ சொல்லித்தான் வந்தேன்னாப்டி."

இன்னும் ஒரு மாதம் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஏறும் என்றேன், பக்கத்துத் தெருக்களில் நாம்தான் முதலில் வருவோம் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியா கண்ணு, போய்ப் பந்தியில உக்காரு" என்றார்.

பழைய மதிப்பு திரும்பத்தான் செய்தது. மார்கழியில் கடை மூன்றாவது இடத்துக்கு வந்தது. ஒரு அபார்ட்மெண்ட்டிலிருந்து இரண்டு பேர் தேடிக்கொண்டு வந்தார்கள் என்று சித்தி சொன்னார். அதற்குள் சித்தப்பா கட்டிடத்துக்காரரிடம் சொல்லிவிட்டிருந்தார். சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். தையில் கடையைக் காலி செய்தார்கள். மேப்பில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தியதும் நான்தான். வேறு யாருக்கும் அது தெரியாது.

இப்போது சித்தப்பா ஷோரூமின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வீடுகளுக்குப் போகிறார். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார் என்று சித்திக்குச் சந்தோஷம். அந்த வேலை என்னால் கிடைத்தது என்பதுதான் சொந்தத்தில் எல்லாரும் பேசிக்கொள்வது. விசேஷங்களில் என்னைக் காட்டி, சித்தப்பனுக்கு நல்ல வழி பண்ணிக் கொடுத்தவள் என்கிறார்கள். முதலில் சில தடவை அப்படியில்லை என்று விளக்கிப் பார்த்தேன். அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாகப் பாராட்டினார்கள். இப்போது பேசாமல் நிற்கிறேன். சித்தப்பாவும் பக்கத்தில் பேசாமல் நிற்பார்.

கணபதியில் அந்த ஷோரூம் இன்று யாராலும் அசைக்க முடியாத முதல் இடத்தில் இருக்கிறது. வருகிற ரிவ்யூக்களுக்கு நிறுவனத்தின் சார்பில் நன்றி எழுதுவது என் வேலைகளில் ஒன்று. பாதிக்கு மேல், வீட்டுக்கு வந்த மெக்கானிக்கைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். செருப்பை வாசலில் கழற்றினார் என்று ஒருவர். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்துக் காட்டினார் என்று இன்னொருவர். 'எங்கள் குழுவின் சார்பாக நன்றி' என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதுகிறேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அந்த வாரம் சித்தப்பா போன வீடுகளிலிருந்து வந்ததைப் படிக்கச் சொல்லுவார். படிப்பேன். எத்தனை என்று கேட்பார். ஐந்து என்பேன். போன வாரமும் படித்து, ஐந்து என்று சொன்னேன்.

"இந்த அஞ்சு அவனுக்குச் சேருமா, கம்பெனிக்குச் சேருமா?" என்று கேட்டார்.

"கம்பெனிக்குத்தானுங்கப்பா" என்றேன்.