ஜீப்பின் முகத்தில் கம்பி

காலை பத்தே முக்காலுக்கு, விழுப்புரத்தில் நடந்த சிற்றளவு மாதிரி வண்டிகள் செய்யும் போட்டியில், என் மகள் செய்த உள்ளங்கை அளவு போர்க்கால ஜீப்பை நடுவர் கையில் எடுத்தார்.

“என்ன பாப்பா, ஜீப்புக்கு ஜன்னல் கம்பி வெச்சிக்கினு வந்திருக்க? தகட்டுல ஓட்டைதான இருக்கணும்?” என்று சிரித்துக்கொண்டே முகப்புக் கம்பி ஒன்றை நகத்தால் நெம்பினார். அது ஒடிந்து விழுந்தது.

“சார், மொதல்ல வந்த வண்டிங்க...” என்று அவள் ஆரம்பித்தாள். முதலில் வந்த ஜீப்புகளுக்குக் கம்பிகளைப் பற்றவைத்த முகப்புதான். துளையிட்ட தகடு பிறகு வந்தது. அதை உறுதிசெய்ய அவள் வாரக்கணக்கில் பழைய படங்களைத் துருவியது எனக்குத் தெரியும்.

எனக்குக் கொதித்தது. “ஒண்ணும் தெரியாத ஆளையெல்லாம் யாருய்யா இங்க உக்கார வெச்சது?” என்று கத்தினேன். அவரும் கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. திரும்பிப் பார்த்தால் மகளும் இல்லை, ஜீப்பும் இல்லை. அவளுடைய போன் அணைந்திருந்தது.

பேருந்து நிலையம் முழுக்கத் தேடிவிட்டுத் திண்டிவனம் திரும்பி, வீட்டு வாசலில் நின்றபோதும் அந்த ஆளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவள் வந்தாள்.

“அந்தாளு ஒடச்சது ஒரு கம்பிப்பா, அத ஒட்டிக்கலாம். நான் சொல்ல வந்தத யார் காதுலயும் வுழாம பண்ணது நீதான்” என்றாள்.