பின்சீட்டில் நாலு பேர்

என் பழைய ஜீப்பின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வளைந்து கொடுப்பதே இல்லை. ஆற்றோர மேட்டில் ஏறினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழல்கிறது. ரெட்டியார்பாளையத்து மெக்கானிக்கிடம் காட்டினேன்.

"ரெண்டு பட்டைய கழட்டிட்டா நல்லா வளையும் சார். பின்னாடி எத்தினி பேரு உக்காருவாங்க?"

"நாலு பேரு" என்றேன், யோசிக்காமல்.

"அப்ப கழட்டக்கூடாது, வண்டி உக்காந்துடும்" என்று கிரீஸ் மட்டும் தடவி அனுப்பிவிட்டார்.

என் மகளும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகள் இருவரும் பிரான்சுக்குப் போய் மூன்று வருடமாகிறது. காலி ஜீப் பள்ளத்துக்குப் பள்ளம் என்னைத் தூக்கிப் போடுகிறது. முட்டாள்தனம்தான். திரும்பிப் போய், பின்னால் யாரும் இல்லை என்று சொன்னால் அரை நாள் வேலை. முதுகு போனால் போகட்டும், என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன்.