திரௌபதி சிஸ்டரின் புறங்கை

“இன்னாண்ணா, தூக்கம் வந்துச்சா? ‘வந்துச்சு சிஸ்டர், கொசு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.’ கொசுவா? நம்ம வார்டுலயா? சும்மா சொல்லாதீங்க. எங்க, கையைக் குடுங்க.”

கேள்வி கேட்டவர் திரௌபதி சிஸ்டர். நடுவில் தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு பதில் சொன்னவரும் அவரேதான். கட்டிலில் படுத்திருக்கும் ராஜமாணிக்கத்தின் உதடு அசையவே இல்லை. ரமணாசிரமத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டியவர் அவர். மொழிக்கு நாலு சொல் என்று கற்று வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்களிடம் நாள் முழுக்கப் பேசித் தீர்த்தவர். பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்தபோது பேச்சும் கூடவே போய்விட்டது. சாப்பாடு மூக்கில் போட்ட குழாய் வழியாக இறங்குகிறது. காது கேட்கிறது, சொல்வது ஓரளவு புரிகிறது, பதில்தான் வருவதில்லை. வராத பதிலைச் சிஸ்டர் சொல்லிவிடுகிறார்.

வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டி இருக்கும் அந்தத் தனியார் மருத்துவமனையில் இது எல்லோரும் அறிந்த பழக்கம். மயக்கத்தில் கிடப்பவர், தொண்டையில் குழாய் போட்டவர், கோபத்தில் வாயைத் திறக்காதவர் எல்லோருக்கும் அவர் குரல் கொடுப்பார். ஆளுக்கொரு குரல். இடுப்பெலும்பு முறிந்து வந்த ரேணுகாம்பாள் டீச்சர் முதல் நாள் யாரிடமும் பேசாமல் முறைத்துக்கொண்டு கிடந்தார். சிஸ்டர் ஊசியோடு போய் நின்று, டீச்சரின் அதட்டல் குரலில், “‘ஏன்டி, குத்துறதுக்கு உனக்கு வேற கையே கெடைக்கலையா?’ கெடைக்கலை டீச்சர், இது ஒண்ணுதான் காலியா இருக்குது,” என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் ஊசி இறங்கிவிட்டிருந்தது.

ஆள் குள்ளம். ஐம்பதைத் தாண்டியாயிற்று. நடப்பதற்கும் ஓடுவதற்கும் நடுவில் ஒரு வேகம். கொண்டையில் எப்போதும் ஒரு நீலப் பேனா செருகியிருக்கும். பல வருஷம் அந்தப் பேனா பாதியைக் காகிதத்திலும் பாதியை அவருடைய இடது புறங்கையிலும் எழுதியது. ரத்த அழுத்தம், காய்ச்சல், சிறுநீர் அளவு என்று எதுவானாலும் கட்டிலருகே நின்றபடியே கையில் குறித்துக்கொள்வார். கூட்டமான நாட்களில் எண்கள் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஏறிவிடும். வேலை முடிந்தபின் உட்கார்ந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொருவருடைய குறிப்பிலும் ஏற்றவேண்டும். அதற்குள் கலசப்பாக்கம் பக்கத்திலுள்ள அவர் ஊருக்குப் போகும் பேருந்து போய்விடும். இருட்டிய பிறகு வீடு வந்து சேரும் மனைவிக்குச் சோறு போட்டுக்கொண்டே முருகவேல் கையை எட்டிப் பார்ப்பார்.

“இன்னிக்கு உன் கையில யாரு பிரஷரு ஏறியிருக்குது?”

“தட்டைப் பாத்து சோத்தைப் போடுய்யா.”

இப்போது அந்தக் கை சுத்தமாக இருக்கிறது. காரணம், கழுத்தில் ஒரு சின்னப் பையில் தொங்கும் கைபேசி. அதிலுள்ள செயற்கை நுண்ணறிவு கட்டிலருகே நடக்கும் பேச்சைக் கேட்கும். குரலை வைத்து யார் நர்ஸ், யார் நோயாளி என்று பிரிக்கும். நர்ஸ் உரக்கச் சொல்லும் அளவுகளைப் பொறுக்கி எடுத்து, ஒழுங்கான ஆங்கிலத்தில் குறிப்பை எழுதி வைத்துவிடும். நர்ஸ் படித்துப் பார்த்து, திருத்தி, ‘சரி’ என்று அழுத்தினால் போதும். டாக்டர்களுக்கும் இதே ஏற்பாடுதான். வார்டில் இளையவளான கீதாஞ்சலி இதற்கு “ரெண்டாவது தாலி” என்று பேர் வைத்தாள். சிஸ்டர் வைத்த பேர் “ஒட்டுக்கேக்கறவ.”

ஆரம்பத்தில் அதை முறைத்துக்கொண்டுதான் திரிந்தார். ஒரு நாள் வெளிச்சம் இருக்கும்போதே ஊரில் போய் இறங்கியபின் மனம் மாறிவிட்டது. “மாட்டுக்குத் தண்ணி காட்டுற நேரத்துல நான் வீட்ல நிக்கறேன்டி. அது என்னை யாரோ விருந்தாளின்னு பாக்குது,” என்று மறுநாள் கீதாஞ்சலியிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஒட்டுக்கேட்பவளை யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போக ஆரம்பித்தார்.

ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் நோயாளியின் குரலில் பேசுவதையெல்லாம் அது நோயாளியே பேசியதாக எழுதிக்கொண்டிருந்தது. தினமும் குறிப்பைப் படிக்கும்போது அந்த வரிகளை அழித்துவிடுவார். “பாத்தியா, இவளும் ஏமாந்துட்டா,” என்று அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பௌர்ணமி வந்தது. கிரிவலம் சுற்றியவர்களில் மயங்கியவர்கள், காலில் கொப்புளம் கண்டவர்கள், சர்க்கரை இறங்கித் தள்ளாடியவர்கள் என்று பகலிலேயே வார்டு நிரம்பிவிட்டது. மாலையானால் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதற்குள் கிளம்பவேண்டும். அந்த அவசரத்திலும் சிஸ்டர் ராஜமாணிக்கத்தின் கட்டிலருகே நிற்கத் தவறவில்லை. “‘பசிக்குது சிஸ்டர், கிரிவலப் பாதையில அன்னதானம் போடறாங்களாமே?’ போடறாங்கண்ணா, வரிசைதான் ரொம்ப நீளம்.” பிறகு குறிப்புகளை விரலால் மேலே தள்ளித் தள்ளி, எதையும் படிக்காமல் வரிசையாகச் ‘சரி’ அழுத்திவிட்டு ஓடினார்.

மறுநாள் காலை வார்டுக்குள் நுழைந்தபோது, ராஜமாணிக்கத்தின் மனைவி ஆதிலட்சுமி தலை வாரி, பொட்டு வைத்து, புதுச் சேலையில் நின்றிருந்தார். கையில் குழைத்த இட்லிக் கிண்ணம்.

“சிஸ்டர்! இவரு பேசனாராமே! டாக்டர் வந்து சொல்லிட்டுப் போறாரு. பசிக்குதுன்னாராம், அன்னதானம் போடறாங்களான்னாராம். வாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பாக்கலாம்னாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, உங்ககிட்ட பேசியிருக்காரு. போவட்டும், யாருகிட்டயாவது பேசனாரே!”

சிஸ்டர் வேகமாகக் கட்டிலருகே போனார். விழுங்கும் திறன் திரும்பாத ஒருவருக்கு வாயில் ஊட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து.

“அண்ணி, அந்தக் கிண்ணத்தை இப்பிடிக் குடுங்க.”

“ஏன், சூடா இருக்குதா?”

“இல்ல அண்ணி. அது அண்ணன் பேசனது இல்ல. நான் பேசனது.”

“நீங்கன்னா?”

“அவருக்கு பதிலா நான் பேசுவேன் இல்ல, நீங்களே பாத்திருக்கீங்களே. அதை இந்த மெஷினு அவரு சொன்னதா எழுதிடுச்சு. நான் படிச்சுப் பாக்காம அனுப்பிட்டேன். தப்பு என்னுது.”

ஆதிலட்சுமி கணவரின் முகத்தைப் பார்த்தார். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“புள்ளைக்கு போன் பண்ணிட்டேனே சிஸ்டர்,” என்றார். “ஓசூர்லர்ந்து கெளம்பிட்டான்.”

சிஸ்டர் நேரே டாக்டர் இளஞ்செழியனின் அறைக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவர் கணினியைத் தன் பக்கம் இழுத்து அந்தக் குறிப்பை மறுபடி படித்தார். “நான் பேச்சுக் குடுத்தப்ப அவர் ஒண்ணும் சொல்லல சிஸ்டர். தூக்கக் கலக்கம்னு நெனச்சுக்கிட்டேன். எழுதியிருந்ததை நம்பிட்டேன்,” என்றார். குறிப்பைத் திருத்தினார்கள். மூக்குக் குழாய் அப்படியே இருந்தது. மாலையில் வந்து சேர்ந்த மகன் சிஸ்டரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சுரேஷ்குமார் முதலில் சிரித்துவிட்டான். “அக்கா, மெஷினே ரெண்டு பேருன்னு நம்பியிருக்குதுன்னா பாத்துக்கங்க! நீங்க மேடையில ஏற வேண்டிய ஆளு.” சிஸ்டர் சிரிக்காததைக் கண்டு அடங்கினான். “இனிமே அந்தக் குரல்ல பேசாதீங்கக்கா. நடுவுல நிறுத்தி வெச்சீங்கன்னா அந்த நேரத்து அளவெல்லாம் விட்டுப்போயிடும். அப்பறம் பழையபடி கையிலதான் எழுதணும்.”

“அய்யய்யோ, அது வேணாம்பா. நான் கம்முனு இருந்துக்கறேன்.”

அப்படியே இருந்தார். கட்டிலருகே நின்று, “ரத்த அழுத்தம் நூற்று முப்பது, எண்பது. காய்ச்சல் இல்லை. வீக்கம் இல்லை,” என்று மார்பிலிருந்த பையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். குறிப்புகளில் ஒரு பிழை இல்லை. பேருந்து ஒரு நாளும் தப்பவில்லை. ரேணுகாம்பாள் டீச்சர்தான் பொறுக்கமுடியாமல், “என்னம்மா, ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு? என் திட்டு எங்க?” என்று கேட்டார். “வேலை கெடக்குது டீச்சர்,” என்று சிஸ்டர் நகர்ந்துவிட்டார்.

ராஜமாணிக்கம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கால் பயிற்சி கொடுக்க வருகிறவரிடம் காலை விறைத்துக்கொண்டார். சிஸ்டர் வந்தாலும் திரும்புவதில்லை.

“நீங்க பேசறப்ப இவரு என்னைப் பாத்து கண்ணால சிரிப்பாரு சிஸ்டர்,” என்றார் ஆதிலட்சுமி. “இந்தம்மா இன்னா சொல்லுது பாருன்ற மாதிரி. இப்ப அதுவும் போச்சு. நான் கோவிச்சிக்கினேன்னு பேச்சை நிறுத்திட்டீங்களா?”

“சேச்சே. இவளுக்கு பயந்துக்கினுதான் அண்ணி.” சிஸ்டர் குரலைத் தாழ்த்தி, கழுத்துப் பையைக் கண்ணால் காட்டினார். “மறுபடி இன்னாத்தையாவது எழுதி வெச்சா?”

அன்று பிற்பகலில் அவர் மறுபடி அழுத்தம் பார்க்க வந்தார். இடது கையில் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி இறக்கினார். பட்டையை அவிழ்க்கக் குனிந்தபோது கைபேசிப் பை ராஜமாணிக்கத்தின் முகத்துக்கு நேரே வந்து ஆடியது. அவர் சுவரை விட்டுத் திரும்பினார். இடது கையை மெல்லத் தூக்கினார். ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்கிறவர்போலப் பையைத் தடவி, பிறகு உள்ளங்கையால் அதை முழுக்கப் பொத்திப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடி சிஸ்டரைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அவர் தானாக எதையும் கேட்டதில்லை.

சிஸ்டர் பட்டையை அப்படியே விட்டார். அவருடைய விரல்களுக்கு நடுவே தன் விரலை நுழைத்து, கைபேசியை நிறுத்தினார்.

“இன்னாண்ணா, அவ காதைப் பொத்திட்டீங்க? ‘பின்ன இன்னா சிஸ்டர், எத்தினி நாளைக்குத்தான் நியூஸ் கேக்கறது?’”

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஆதிலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ராஜமாணிக்கத்தின் கண்கள் அவர் பக்கம் போய், சிரித்து, திரும்பின. கை இன்னும் பையை விடவில்லை.

“நூத்தி நாப்பது, தொண்ணூறு,” என்று சிஸ்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார். கொண்டையிலிருந்து நீலப் பேனாவை உருவி, மை இறங்க இரண்டு முறை உதறி, சுத்தமாக இருந்த இடது புறங்கையில் அதை எழுதிக்கொண்டார்.