வெள்ளிக்கிழமை மட்டும் எழாத கம்ப்யூட்டர்

தோல் பதனிடுகிற எங்கள் டேனரியில் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம் நீளம். மற்ற நாளில் அரை மணிதான். வெள்ளிக்கிழமை பாய்மார்கள் ஜும்மா தொழுகைக்குப் போய்த் திரும்பும் வரை வேலை நிற்கும். தொழுகைக்குப் போகாத நாங்களும் அதுவரை மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கிடப்போம். எனக்குப் பிடித்த நேரம் அது. நடுவில் கொஞ்ச காலம் வெள்ளிக்கிழமையே வர வேண்டாம் என்று இருந்தது.

நான் அளவு மெஷினில் வேலை செய்கிறேன். பதம் பண்ணி முடிந்த தோலை ஒருத்தி மெஷினில் விரிப்பாள். மெஷின் அதை இழுத்துக்கொள்ளும். எத்தனை சதுர அடி என்பது பக்கத்துக் கம்ப்யூட்டரில் விழும். எந்த ரகம் என்று பார்த்து நான் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். என் படிப்புக்கு அது போதும்.

அதற்கு முன்னால் ஈரப் பக்கம் இருந்தேன். சுண்ணாம்பில் ஊறின தோலைத் தொட்டியிலிருந்து இழுத்துப் போடுகிற வேலை. கையுறை போட்டாலும் உள்ளே தண்ணீர் போய்விடும். இரண்டு கையும் வெடித்தது. சோறு பிசைய முடியவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினேன். இனிமேல் ஈரத்தில் கை வைக்காதே என்றார்கள். சொல்வது சுலபம். கம்பெனியில் யார் கேட்பார்கள்? எங்கள் சூப்பர்வைசர் பாய் கேட்டார். என் கையை ஒரு தடவை பார்த்தார். மறுநாள் அளவு மெஷினில் உட்கார வைத்தார்.   கை ஆறியது.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

ஆபீஸில் இருந்த பழைய கம்ப்யூட்டரை எங்களுக்கு மாற்றிப் போட்ட புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரை கறுப்பு. சாப்பாட்டு நேரத்தில் அது தினமும் தூங்குவதுதான். மவுஸை ஆட்டினால் எழுந்துகொள்ளும். அன்றைக்கு எழவில்லை. பாயைக் கூப்பிட்டேன். தொழுகைத் தொப்பியோடு அப்படியே வந்தார். சுவிட்சை அமுக்கினார். கறுப்பாகவே இருந்தது. விரலை எடுக்காமல் அமுக்கிப் பிடித்தார். விட்டு, மறுபடி அமுக்கினார். இந்தத் தடவை வந்தது. ஆனால் காலையிலிருந்து அளந்தது ஒன்றுகூட இல்லை.

ஒன்றாகச் சேர்ந்து வருகிற தோல் மொத்தத்தையும் லாட் என்போம். லாட் முழுவதும் முடிந்து மூடினால்தான் எங்கள் கம்ப்யூட்டரில் கணக்கு பதியும். பெரிய லாட் ஒரு நாள் முழுக்க ஓடும். அதனால் அடுக்கின தோலை எல்லாம் இறக்கி, முதலிலிருந்து அளந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கதை. அதற்கு அடுத்ததும் அதே.

டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒரு பாய்தான் எங்களுக்கு ரிப்பேர் பார்ப்பவர். வெள்ளிக்கிழமை மதியம் அவரும் கடையைச் சாத்திவிட்டு ஜும்மாவுக்குப் போய்விடுவார். சனிக்கிழமை காலையில்தான் வருவார். அதற்குள் நாங்கள் பாதி லாட் ஓட்டியிருப்போம். அவர் கம்ப்யூட்டரைத் தூங்க வைப்பார். எழுப்புவார். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி எழுந்து உட்காரும்.

“நல்லாத்தானே இருக்குது? இன்னா கம்ப்ளெய்ன்ட்டு?” என்பார்.

ஒரு தடவை வயரை மாற்றினார். ஒரு தடவை மவுஸை மாற்றினார். வெள்ளிக்கிழமை வந்தால் மறுபடி கறுப்பு.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “மெஷின் நல்லா இருக்குதுன்றார் அவரு. அப்ப நீதான் எதையோ தட்டற.”

“இல்ல சார்.”

“இன்னொரு வாட்டி ஆச்சுன்னா நீ ஈரப் பக்கமே போய்டு. படிச்ச பொண்ணு யாரையாச்சும் இங்க போட்டுக்கறேன்.”

“சரி சார்” என்றேன்.

என்னோடு தோல் விரிக்கிறவள் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “சரின்னுட்டு வர்றியே, வாயில இன்னா கொழுக்கட்டையா?” என்றாள். அவள் பேசுவாள். எனக்கு வராது. அன்றைக்கு பஸ்ஸில் போகும்போது கையை விரித்து மடக்கிப் பார்த்தேன். ஆறின தோல் இன்னும் மெல்லிசாகத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் மரத்தடியில் படுக்கவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்து, தொழுகை முடிகிற நேரத்துக்கு மெஷின் பக்கம் வந்து நின்றேன். திரை கறுப்பு. மவுஸை ஆட்டினேன். எழவில்லை. அதற்குமேல் தொடவில்லை. பாய் வரட்டும் என்று நின்றேன்.

பாய் தனியாக வரவில்லை. பின்னாலேயே வண்டியில் கடைக்காரரும் வந்தார். அன்றைக்கு அவர் எங்கள் பக்கத்து மசூதிக்கு வந்திருக்கிறார். தொழுகை முடிந்து செருப்பு தேடுகிற இடத்தில் எங்கள் பாய் பிடித்துக்கொண்டாராம்.

“பசிக்குது பாய், வீட்ல பிரியாணி ஆறிப்போய்டும்” என்று இங்கே வந்தும் சொல்லிக்கொண்டிருந்தார் கடைக்காரர்.

“பிரியாணியைச் சுட வெச்சுக்கலாம். இந்தம்மா வேலை போனா போனதுதான். வா தோஸ்த்” என்றார் எங்கள் பாய். சொல்லிக்கொண்டே பழக்கத்தில் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

“கையை எடுங்க பாய். இதை நான் இப்பத்தான் செத்த நிலைமையில பாக்கறேன்.”

கடைக்காரர் குனிந்து விளக்குகளைப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. சுவிட்சை ஒரு தட்டு தட்டினார். உடனே விரலை எடுத்துவிட்டார். உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

“வரல பாரு. அமுக்கிப் புடி” என்றார் எங்கள் பாய்.

“இருங்க பாய்.”

இருந்தோம். ஆட்கள் வேலைக்குத் திரும்பி வந்து எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். தோல் அப்படியே கிடந்தது.

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். எழுப்பினா ரொம்ப நேரம் கண்ணைத் தொறக்க மாட்டார். அதுக்குள்ள தண்ணி ஊத்திடுவேன்” என்றாள் தோல் விரிக்கிறவள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது. காலையில் கடைசியாக அளந்த தோல் வரைக்கும் எல்லாக் கணக்கும் விட்ட இடத்தில் இருந்தது.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “அரை மணி சும்மா இருந்தா இது கோழித் தூக்கம் தூங்கும். மவுஸை ஆட்டினா எழுந்துக்கும். ஒரு மணி தாண்டிட்டா, இருக்கறதையெல்லாம் உள்ள எழுதி வெச்சுட்டு முழுசா அணைஞ்சுடும். அப்ப மவுஸு வேலைக்கு ஆகாது. சுவிட்சை ஒரு தட்டு தட்டிட்டு விட்டுடணும். பழைய மெஷினு, எழுதினதைத் திரும்ப எடுக்க நேரம் ஆவுது. நீங்க கறுப்பா இருக்குதேன்னு அமுக்கிப் புடிக்கறீங்க. பாதி எழுந்தது அப்படியே போய்டுது.”

ராத்திரி நாங்களே அணைத்துவிட்டுப் போவோம். அதனால் சும்மா கிடந்து ஒரு மணி தாண்டுவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அந்த நேரத்தில் அவரும் தொழுகையில் இருந்தார். அதனால்தான் அவர் கண்ணில் அது படவே இல்லை.

கம்ப்யூட்டரோடு மறுபடி தொடர்பு கிடைக்க, அளவு மெஷின் வயரை ஒரு தடவை பிடுங்கிச் சொருகினார். ஒரு தோலை விட்டுப் பார்த்தோம், அளவு விழுந்தது. கம்ப்யூட்டர் இனிமேல் தானாகத் தூங்காதபடி செட்டிங்கை மாற்றினார். “வேலை முடிஞ்சா எப்பவும்போல நீங்களே அணைச்சுட்டுப் போங்க” என்றார்.

வேலை ஆரம்பிக்கவில்லையே என்று மேனேஜர் இறங்கி வந்தார். “மறுபடியுமா?” என்று என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் பாய் முன்னால் வந்தார். “சார், இத்தனை வாரமும் அமுக்கிப் புடிச்சுக் கெடுத்தது நான்தான். இந்தம்மா அந்த சுவிட்சைத் தொட்டதே இல்ல. ஈரப் பக்கம் யாராச்சும் போவணும்னா நான்தான் போவணும்.”

அத்தனை பேர் முன்னால் சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ரிப்பேர் ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் பல சூப்பர்வைசர்களிடம் வேலை செய்தவள். இப்படி ஒருவர் சொல்லி அதுவரை கேட்டதில்லை.

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இந்த வயசுல உங்களைத் தொட்டியில எறக்கினா தோல் எது பாய் எதுன்னு தெரியாது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீயே இரும்மா. லாட்டை முடி.”

கடைக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு பிரியாணிக்கு ஓடினார். அவருக்கு ஒரு வார்த்தை நன்றிகூட நான் சொல்லவில்லை. பாயிடமும் சொல்லவில்லை.  அதனால்தான் இதை இப்போது எழுதி வைக்கிறேன்.

எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். தோல் விரிக்கிறவள் என் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

“இன்னா, அழுவறியா?”

“இல்ல” என்றேன். “தோலைப் போடு.”