இத்தாலிக் காருக்கு அடித்த வர்ணம்

காலை ஆறரைக்குக் காரியாபட்டியில் பஸ் ஏறினேன். 2006, ஆவணி மாதத்து வியாழக்கிழமை. விருதுநகருக்கு டிக்கெட் எட்டு ரூபாய். பத்து ரூபாய் கொடுத்தேன். "மீதியை இறங்கும்போது வாங்கிக்கோங்க பாட்டி" என்றார் கண்டக்டர்.

"எனக்கு எழுபத்திரண்டு வயசுய்யா. இறங்கும்போது நான் இருக்கணும்ல?" என்றேன். உடனே பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்துவிட்டார்.

போகிற காரியம் இதுதான். ஏழாயிரம்பண்ணையில் என் தம்பி கோபாலின் பருத்தி மூட்டை போட்டுவைக்கிற கிட்டங்கியில் ஓர் இத்தாலிக் கார் முப்பது வருஷமாக ஓடாமல் நிற்கிறது. எங்களைப் பெற்ற ஐயா வாங்கியது. இப்போது கிட்டங்கியைப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு வாடகைக்கு விட்டாகிவிட்டது. தீபாவளிச் சீசனுக்குக் காகிதக் குழாய் அடுக்க அவர்களுக்கு இடம் வேண்டும். பழைய கார் சேர்க்கிற ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து பார்க்கிறார். பிடித்தால் கொண்டுபோவார். பிடிக்காவிட்டால் காயலான் கடைக்காரன் வெட்டி எடுத்துப்போவான். "அக்கா, நீ வந்து கூட நில்லு. அதை வெட்டுறத என்னால பாக்க முடியாது" என்று தம்பி போனில் சொன்னான்.

ஏழரைக்கு விருதுநகர். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மிளகாய் வத்தல் நெடியில் மூன்று தும்மல். காப்பி மூன்று ரூபாய். அங்கிருந்து சாத்தூருக்கு இன்னொரு பஸ். ஜன்னலோரம் கிடைத்தது. அந்தக் காரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் கடை வைத்திருந்த ஐயாவின் சிநேகிதர் ஒருவர் ஆசைப்பட்டு இத்தாலியிலிருந்து வரவழைத்தது. கடையைக் கட்டிவிட்டு ஊர் திரும்பியபோது கப்பலில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து ஐயாவிடம் விலைக்குக் கொடுத்துவிட்டார். கதவு இரண்டு, ஆசனம் இரண்டு. எங்கள் வீட்டில் ஆட்கள் பதினொன்று. அம்மா கடைசிவரை அதில் ஏறவில்லை. "தரையில உக்காந்து போறதுக்கு நான் நடந்தே போயிருவேன்" என்பாள். அத்தனை தாழ்வான வண்டி. மழை பெய்தால் கரிசல் மண் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இரண்டு காளைகளைப் பூட்டி இழுக்க வேண்டும். ஐயா அப்போதும் ஸ்டியரிங்கை விடமாட்டார். மாடு இழுக்க, அவர் ஓட்டிக்கொண்டே வருவார்.

எட்டே முக்காலுக்குச் சாத்தூர். அரைக் கிலோ காராச்சேவு முப்பது ரூபாய். ஏழாயிரம்பண்ணை மினி பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண். வெடி மருந்து வேலைக்காரி என்பது தெரிந்தது. நகக்கண்ணெல்லாம் வெள்ளிப்பொடி.

"எங்கன போறீக ஆத்தா?"

"காரு பாக்கப் போறேன்."

"காரு பாக்க பஸ்ஸுலயா போறீக?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நாளில் நான் நன்றாகச் சிரித்தது அதுதான்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தம்பி பெண்டாட்டி லட்சுமி, "வாங்க மதினி, சாப்பிட்டீகளா?" என்று ஒரு கிண்ணம் பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைத்தாள். பழைய இரும்புக்காரன் கொடுத்ததாம். "பல்லு இருக்கிற வீட்டுல வைக்கவேண்டியத எனக்கு வைக்கியே" என்று சொல்லிக்கொண்டே ஏழெட்டுத் தின்றேன்.

பிறகு கிட்டங்கிக்குப் போனோம். கார் செக்கச்செவேல் என்று நின்றது. சாத்தூர் லாரி பட்டறை பெயிண்டர் மூன்று நாள் இருந்து அடித்தது. ஓரமெல்லாம் மஞ்சள் கொடி, கதவுக்கு ஒரு தாமரை, முன்னால் குங்குமப் பொட்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. யோசனை என்னுடையது. முந்தின மாதம் தம்பி போனில், "நிறம் மங்கிப்போய்க் கெடக்கே அக்கா" என்றபோது, "சந்தைக்குப் போற மாட்டையே குளிப்பாட்டி, கொம்பு சீவி, வர்ணம் பூசித்தானலே ஓட்டிட்டுப் போறோம்? இத அழுக்காவா காட்டுவ?" என்று சொன்னவள் நான்.

பதினொன்றரைக்குக் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். பின்னால் ஒரு லாரியும் இரண்டு ஆட்களும். ஐம்பது வயதிருக்கும், மெதுவான பேச்சு. கிட்டங்கி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"இந்தப் பெயிண்டு எப்பங்க அடிச்சது?"

"போன வாரம்தாங்க. நீங்க வாறீகன்னு" என்றான் தம்பி.

அவர் தலையில் கைவைத்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவரோ பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொன்னார். இத்தாலியில் சின்னப் பட்டறை ஒன்றில் மரக்கட்டை மேல் தகட்டை வைத்துக் கையாலேயே தட்டித் தட்டி அந்த உடம்பைச் செய்தார்களாம். செய்ததும் கொஞ்சம்தானாம். புதிதாகப் பளபளக்க வைத்தது உலகத்தில் எங்கேயும் கிடைக்குமாம். பிறந்தபோது பூசிய நிறத்தோடு, எலி கடித்த ஆசனத்தோடு, ஆணி மாறாமல் நிற்பதைத்தான் அவரைப் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடுகிறார்களாம்.

"நீங்க அனுப்பின போட்டோவுல அந்த நீலம் அப்படியே இருந்துச்சுங்க. அதுக்காகத்தாங்க வந்தேன்" என்றார். பிறகு முன்மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் தேடினார். "இங்க நம்பர் வெட்டின தகடு ஒண்ணு இருந்திருக்குமே?"

தம்பி லட்சுமியைப் பார்த்தான். லட்சுமி என்னைப் பார்த்தாள். "துருப்பிடிச்ச தகடுன்னு பெயிண்டர் கழட்டிப் போட்டாரு. இரும்புக்காரன்கிட்டப் போட்டுத்தான்..." என்று நிறுத்திவிட்டாள். என் பல்லிடுக்கில் அந்தப் பழம் இன்னும் இருந்தது.

"யார் சொல்லிங்க பெயிண்டு அடிச்சீங்க?" என்று கேட்டார் அவர்.

வாயாடி என்று ஏழு ஊரில் பெயரெடுத்தவள் நான். வாய் திறக்கவில்லை. தம்பி, "எம் புத்திதாங்க" என்றான்.

காராக இனி அதை எடுத்துப்போக முடியாது என்றார். தகடு இல்லாமல் இன்ன வண்டி என்று யாரும் நம்பமாட்டார்களாம். அவரிடம் இதே வகையில் இன்னொன்று இஞ்சின் இல்லாமல் நிற்கிறதாம். "உங்களுக்குச் சம்மதம்னா இஞ்சினையும் ஸ்டியரிங்கையும் மட்டும் எடுத்துக்கறனுங்க."

தம்பி ஸ்டியரிங்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்தான். "அந்தக் காரு ஓடுமா?"

"ஓடுமுங்க. நானே ஓட்டுவேன்."

"அப்ப எடுத்துக்கோங்க."

நாலு மணிக்குச் சங்கிலி போட்டு இஞ்சினைத் தூக்கினார்கள். அது வெளியே வந்ததும் காரின் மூக்கு நாலு விரற்கடை மேலே எழும்பி நின்றது. லாரி போகிறவரைக்கும் தம்பி அந்த மூக்கின் மேலேயே கையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

அன்று திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் காயலான் கடைக்காரன் வருகிறான் என்று தெரிந்ததும், "ஏலே, கொண்டுவந்த சேவு நமத்துப்போச்சு. சாத்தூருக்குப் போய்ப் புதுசா வாங்கிட்டு வா. நான் மத்தியான பஸ்ஸுல வாறேன், ஸ்டாண்டுல வச்சுக் குடு" என்று தம்பியை விரட்டினேன். சேவு நமத்துப்போகவில்லை. அவனுக்கும் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கிட்டங்கிப் பக்கம் நெருப்பு ஆகாது. காரைத் தள்ளிக்கொண்டுபோய்க் கருவேலங்காட்டு ஓரத்தில் வைத்துக் கேஸ் தீயால் வெட்டினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். தீ பட்ட இடத்தில் சிவப்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பிக் கருகியது. கதவைப் பிரித்தபோது, பெயிண்டரின் உப்புத்தாள் எட்டாத கீல் இடுக்கில் விரல் அகலத்துக்கு ஒரு நீலம். அதைத் தொடப்போனேன். "சுடும் ஆத்தா" என்று கையைப் பிடித்துக்கொண்டான் வெட்டுகிறவன். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

ஒரு மணிக்குச் சாத்தூர் ஸ்டாண்டில் தம்பி சேவுப் பொட்டலத்தோடு நின்றான்.

"முடிஞ்சுச்சா?"

"முடிஞ்சுச்சுய்யா." விருதுநகர் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே கேட்டேன். "வர்ணம் அடிக்கச் சொன்னது நான்தானலே. அந்த ஆளுகிட்ட ஏன் உன் புத்தின்னு சொன்ன?"

"நீ சொல்லி நான் என்னைக்குக்கா கேட்டிருக்கேன்? இத மட்டும் கேட்டுருவேனாக்கும்?" என்றான். பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனான்.

எந்த ஊருக்குப் போய்வந்தாலும் எங்கள் தெருவைச் சிரிக்கவைக்க ஒரு கதை கொண்டுவருவது என் வழக்கம். அன்றும் சாயங்காலம் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு கை சேவு கொடுத்து அனுப்பிவிட்டேன்.