லயத்துக்கு மேலே நிற்கும் ஜீப்

இலங்கையின் ஓப்பநாயக்கவுக்கு மேலே, தேயிலைத் தோட்டச் சரிவில் எங்கள் பழைய ஜீப் நிற்கிறது. டிரைவர் செல்வராஜ் கால் பிரேக்கை மிதித்திருக்கும் வரைதான் நிற்கிறது. ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்தும் வண்டி பின்னால் நகர்கிறது. பின்னால், நேர் கீழே, தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் ஒரு லயத்தின் தகரக் கூரை.

நான் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைக்கிறேன். செல்வராஜ் கியரில் போட்டுவிட்டு அடியில் நுழைந்து, பின்சக்கரங்களுக்குப் போகும் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தேடுகிறார். அப்படி ஒன்று இல்லை.

"அப்ப இவ்ளோ நாளா எதுங்க ஐயா புடிச்சிச்சு?"

எனக்கும் தெரியவில்லை. லீவரிலிருந்து போகும் கம்பி, வண்டியின் நடுவில், கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ள ஒரு டிரம்மில் முடிகிறது. அது எப்படிச் சக்கரத்தைப் பிடிக்கும்? சக்கரங்களைச் சுழற்றும் தண்டையே பிடிக்கிறதோ? வழிந்திருக்கும் ஆயிலைத் துடைக்கிறோம். டிரம்மின் ஓரத்திலுள்ள திருகை இறுக்குகிறோம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கற்களையும் எடுத்துப் பார்க்கிறோம். வண்டி நிற்கிறது. துடைத்ததாலா, இறுக்கியதாலா?

லயத்து வாசலில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"ட்ரைவர் அண்ணே, உள்ள புள்ள தூங்குது. எங்க தலைக்கு மேலதான் சோதிச்சுப் பாக்கணுமா?"

"சரி தங்கச்சி, இனி அசையாது," என்கிறார் செல்வராஜ்.

"அசையாதா? அப்ப ரெண்டு பேரும் உள்ள வாங்க. பிளேன்டீ ஊத்துறேன், உக்காந்து குடிச்சிட்டுப் போங்க."

மறுக்க வழியில்லை. அந்தத் தகரத்தின் கீழே, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காருகிறோம். செல்வராஜ் வாய் சுடச்சுட ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுகிறார்.

"இருங்கண்ணே," என்கிறார் அந்தப் பெண், "இன்னொன்னு ஊத்துறேன்."