குடத்தோடு எழுந்த மதினி

எங்கள் செம்பூர் வீட்டுச் சமையலறையில் விளிம்பில் விரிசல் விட்ட நீலப் பிளாஸ்டிக் குடம் ஒன்று இருக்கிறது. நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரும் வீட்டில் இது எதற்கு என்று கேட்டுக் கேட்டு மனைவி ஓய்ந்துவிட்டாள். அது என் மதினியின் குடம். நான் இன்று வெளியே நடமாடுவதே அந்தக் குடத்தின் புண்ணியம்.

அப்போது தாராவியில் அண்ணன், மதினியோடு அவர்கள் வீட்டில் இருந்தேன். எங்கள் வீடுகளை இடிக்க நோட்டீஸ் ஒட்டியதும் கூட்டம் போட்டோம். எனக்கு மைக் கிடைத்தால் போதும், ஊர் இரண்டுபடும். 'இந்த அரசாங்கத்தைக் கவிழ்க்காமல் ஓயமாட்டோம்' என்று நரம்பு புடைக்கக் கத்தினேன். எங்கள் பெண்கள் கூட்டத்துக்கு வந்தாலும் மடியில் குடத்தோடுதான் உட்காருவார்கள். குழாய் எப்போது மனம் இரங்கும் என்று யாருக்குத் தெரியும்? பேச்சு உச்சிக்கு ஏறிய நேரம் பார்த்துத் தண்ணீர் வந்துவிட்டது. முன்வரிசையிலிருந்து முதலில் எழுந்தவள் மதினி. வந்து என் கையிலும் ஒரு நீலக் குடத்தைத் திணித்தாள்.

"புரட்சிய நாளைக்குப் பண்ணிக்கலாம் தம்பி. தண்ணி போச்சின்னா வராதுல்லா."

மானம் கப்பலேறியது. அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபம் ஆறுமுன் போலீஸ் வந்து என்னைப் பிடித்துப் போனது. தேசத்துரோகமாம், நிரூபணமானால் ஆயுள் தண்டனைகூட வரலாமாம். புரட்சிக்காரனுக்குப் பயம் வராது என்று எவன் சொன்னான்? எனக்கு வந்தது.

ஜெயிலுக்கு வந்த வக்கீலம்மா மாட்டுங்காக்காரர். என் பேச்சின் நியாயத்தை விளக்கத் தொடங்கியதும் கையமர்த்தினார்.

"நீங்க என்ன பேசினேள்ங்கறது இருக்கட்டும். கேட்டவா என்ன பண்ணினா?"

அரசாங்கத்தை எவ்வளவு காரமாகவும் திட்டலாம், கலவரத்தைத் தூண்டினால்தான் குற்றம் என்றார். வெட்கத்தோடு தண்ணீர்க் கதையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ஜாமீன் விசாரணையில், போலீஸ்காரர் ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோவை அரசு வக்கீல் என் கத்தலோடு நிறுத்தினார். கடைசிவரை ஓடவிடச் சொன்னார் வக்கீலம்மா. புரட்சிக் கூட்டம் குடமும் கையுமாகக் குழாயடிக்கு ஓடியது. கடைசியில், நீலக் குடத்தோடு நானும். நீதிபதி சிரிப்பை அடக்க இருமினார். ஜாமீன் கிடைத்தது, பின்னால் வழக்கும் தள்ளுபடியானது. காலில் விழப் போன என்னை மதினி, முதலில் சாப்பிட வா என்று அதட்டினாள்.

அந்தத் தேசத்துரோகச் சட்டத்துக்கு இப்போது பெயர் மாறியிருக்கிறது. பல் அப்படியேதான் இருக்கிறது. மதினி போய்ச் சேர்ந்துவிட்டாள். போன வாரம் ஐரோலியில் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அதே வரி நாக்கு நுனிக்கு வந்தது. கூட்டத்தைப் பார்த்தேன். ஒரு மடியிலும் குடம் இல்லை. எல்லார் கையிலும் போன். மறுபடி உள்ளே போக அதில் ஒன்று போதும். ஆனாலும் சொன்னேன், சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. சொன்ன கையோடு, கூட்டம் முடிந்ததும் எல்லாரும் நேரே வீட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வையுங்கள் என்றும் சொன்னேன். சிரித்தார்கள். அதுவும் பதிவாகியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நீலக் குடத்தை நிரப்பி வைத்தேன், மதினி.